இல்லாத பாலத்தைக் காட்டும் ஜிபிஎஸ்

தாலண்ட்,

உங்க தம்பி எர்மெக் நீங்க வாங்கின அந்த ஜிபிஎஸ்ஸைக் கார்ல மாட்டிக்கிட்டு நாரின் ஊருக்குக் கிளம்பிட்டான். போன வெள்ளத்துல வழியில இருக்கற ஆத்துப் பாலம் அடிச்சுக்கிட்டுப் போனது பிஷ்கெக்லயே குடியிருக்கற அவனுக்குத் தெரியாது. அந்தப் பெட்டியோட மேப்லயும் பாலம் அப்படியே இருக்கு. "மேப்பைப் புதுசாக்கற மாதிரி வாங்குங்க"ன்னேன். "வழி என்ன தினமும் மாறுமா?"ன்னு மலிவானதை எடுத்தீங்க. வெளியே ஒரே பனிமூட்டம். அவன் போனை எடுக்கல. பக்கத்து வீட்டு ஜீப்புல தேடிப் போறேன். அடுப்புல ஆட்டுக்கறி சூப் இருக்கு. அத்தைகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க.

ஐசுலூ

இப்பத்தான் அவன் நம்பர்லேர்ந்து போன் வந்துச்சு. தண்ணி இரைச்சல் மட்டும்தான் கேட்டுச்சு. சூப்பை விடுங்க. கொட்டகையில இருக்கற பெரிய கயித்தை எடுத்துக்கிட்டு ஆத்துக்கு ஓடி வாங்க. சண்டையெல்லாம் அப்புறம்.