சுற்றுவழியில் போனவளுக்கு

ஆலங்காயம் சந்தையில் இன்று ஈரமண் வாசனை என்னை நிறுத்திவிட்டது. விற்பவர் தண்ணீர் ஊற்றிக் காட்டிய புதுச் சட்டி. விடுதியில் நாம் இருந்த அறையிலும், மலைமேல் புதூர்நாட்டில் உன் வீட்டிலும், கரண்ட் போனால் உன் இன்சுலின் சூடேறாமல் அப்படியொரு ஈரச் சட்டிக்குள்தான் இருக்கும். வாங்காமல் வந்துவிட்டேன். நேற்றைய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. உன்னிடம்தான் கொட்ட முடியும்.

எம்.ஏ. படித்தபோது தீவு நாடுகளின் பாதுகாப்பைப் பற்றிக் கட்டுரை எழுத ஆரம்பித்திருந்தேன். அரிசி, எண்ணெய், மருந்து எல்லாம் கப்பலில் வரவேண்டிய நாடு. வருகிற வழியோ ஒரு குறுகிய நீரிணை. அதை அடைத்துவிட்டால் ஒரு குண்டும் போடாமல் நாட்டைப் பணியவைக்கலாம் என்று வாசித்துக் காட்டினேன். ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டே சிரித்தாய்.

"கடலையே பார்த்ததில்ல, உனுக்கு இன்னாத்துக்குடி கப்பல் கவலை?"

"நீ மட்டும் பார்த்தியா?"

"நான் தீவுலயே பொறந்தவடி. ஒரே ரோடு, நாலு ஜீப்பு. மழை வந்தா அதுவும் இல்ல." பிறகு உன் சிரிப்பு நின்றது. "அந்தத் தீவுல என்ன மாதிரி ஊசி போட்டுக்கறவ ஒருத்தி இருப்பா இல்ல? அவ கையில எத்தினி நாளைக்கு மருந்து இருக்குது, அடுத்த கப்பல் எப்போ வருது, அத்த எழுது மொதல்ல."

எழுதினேன். அந்த வருட மழையில்தான் நீ விடுமுறைக்கு ஊருக்குப் போனாய். மண் சரிந்து திருப்பத்தூர் ரோடு அடைபட்டது. மருந்து தீர்ந்தது. டோலி கட்டி, காட்டுப்பாதையில் சுற்றி, ஆலங்காயம் பக்கமாக உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழிதான் வந்தாய். மண்ணை அள்ளியதும் முதலில் மலையேறியது பார்வையிட வந்த அதிகாரிகளின் வண்டி. மருந்து அதற்கும் பின்னால்.

கடலிலும் ஒரு வழி ஆபத்தானால் கப்பல்கள் கண்டத்தையே சுற்றிப் போகின்றன. சரக்குக் கட்டணம் ஏறும், காப்பீடு ஏறும், சில வாரம் தாமதமாகும் என்கின்றன நான் படித்த புத்தகங்கள். அந்தத் தாமதம் யார் உடம்பில் இறங்குகிறது என்று ஒரு பக்கத்திலும் இல்லை.

அந்தக் கட்டுரைதான் இப்போது முனைவர் பட்ட ஆய்வாக வளர்ந்திருக்கிறது. நேற்று நெறியாளர் நீ எழுதச் சொன்ன பத்தியைச் சிவப்பு மையால் அடித்துத் தந்தார்.

"இதை எடுத்துடும்மா. பாதுகாப்புன்னா கடற்படை, ஒப்பந்தம், துறைமுகம். நோயாளி கதை வேற துறை."

"கப்பலைக் காப்பாத்துறது யாருக்காகங்க சார்?"

"அதுக்கு முன்னுரையில ஒரு வரி போதும்."

கடற்படை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வழி அடைபடும் நாளுக்குக் கையில் என்ன இருக்கிறது என்று கேட்காத பாதுகாப்பு, மருந்துக்கு முன்னால் ஏறிவந்த அந்த வண்டிதான். உன் ஊருக்கு இந்த மழைக்கும் அதே ஒரு ரோடுதான். அதையும் யாரும் கேட்கவில்லை.

பத்தியைத் திரும்ப எழுதிவிட்டேன், முதல் அத்தியாயத்தின் முதல் பத்தியாக. அவர் ஏற்கமாட்டார். மறுபடி அடிப்பார், மறுபடி எழுதுவேன். எந்தத் தீவின் வரைபடத்தைப் பார்த்தாலும் இப்போது எனக்கு ஒரு வீடு தெரிகிறது. உள்ளே ஒருத்தி, ஈரச் சட்டியின் மூடியைத் திறந்து, இன்னும் எத்தனை இருக்கிறது என்று பார்க்கிறாள்.