விளக்குமரப் புஸ்தகமும் ராஜபாயின் சம்பந்தமும்

திருவனந்தபுரம்
கொல்லம் 1109 மேடம் 11

கர்த்தருக்குள் பிரியமான மகள் லீலாபாய்க்கு அப்பா எழுதுவது. இவ்விடம் நாங்கள் மூன்று பேரும் தேவகிருபையால் சுகம். அதில் உன் அம்மாவும் தங்கை ராஜபாயும் என்னோடு மறுபடி பேசத் தொடங்கி நாலு நாளாகிறது, ஆகவே சுகம் என்று தாராளமாகவே எழுதலாம். ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமென்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை, மாப்பிள்ளை கையெழுத்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, சாயங்காலம் இடி இடித்துப் பெரிய மழைபோலப் பாவனை காட்டிவிட்டு நாலு தூறலோடு போய்விடுகிறது. குழந்தைக்குப் பல் முளைக்கிற சமயம் என்று எழுதியிருந்தாய், கண்ட சீமை மருந்தையும் கொடுக்காதே, காய்ச்சி ஆறின தண்ணீர் கொடு, அழுதால் அழட்டும். இனி விஷயத்துக்கு வருகிறேன். போன கப்பலில் உன் அம்மா எழுதிய கடிதத்தில், ராஜபாய்க்கு வந்த நல்ல சம்பந்தத்தை நான் ஒரு புஸ்தகத்தை வைத்துக் கெடுத்துவிட்டேன் என்று எழுதியிருப்பாள். அவள் எழுதிய தேதி வரைக்கும் அது உண்மைதான். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதினால்தான் ஒழுங்காக இருக்கும்.

விளக்குமரப் புஸ்தகத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதைக் கேட்டுக் கேட்டே நீ கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டாய் என்று உன் அம்மா சொல்லுகிறாள். ஆனாலும் நீ அதைத் திறந்து பார்த்தவளில்லை என்பதால் சொல்லுகிறேன். கடல் நடுவே ஒரு பாறை, பாறைமேல் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்குமரம், அதைக் காக்கிற வேலையில் ஓர் அண்ணனும் தம்பியும். தகப்பன் சொத்து விஷயமாக மனஸ்தாபப்பட்டு, பல வருஷம் ஒருவரோடொருவர் பேசாமலே தினமும் ஒரே விளக்கை ஏற்றுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் தம்பி சாகக் கிடந்து கையை நீட்டுகிறான், அண்ணன் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிற்கிறான். அவ்வளவுதான். இப்படி முடிக்கத் தைரியமுள்ளவன் ஆயிரத்தில் ஒருவன். இருபது வருஷமாக நான் இதைச் சொந்தக்காரர், சிநேகிதர், சபையார் எல்லாருக்கும் வாசியுங்கள் வாசியுங்கள் என்று சொல்லிவருகிறேன். என் முதல் பிரதியைக் கோமதிநாயகம் பிள்ளை வாங்கிக்கொண்டு போய், வர்க்கலைக்கு வள்ளத்தில் போகையில் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று வெறுங்கையோடு வந்தார். என்னைவிட மூன்று வருஷம் இளையவர், என் தலைக்குமேல் ஏறித் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த அதே பிள்ளைதான். நாற்காலியையாவது மன்னித்தாலும் மன்னிப்பேன், புஸ்தகத்தை மாட்டேன். அதற்குப் பிறகு என் பிரதியை வெளியே விடுவதில்லை, இரவல் கொடுப்பதற்கென்றே லண்டனிலிருந்து தனியாகத் தருவித்து வைத்துக்கொள்ளுகிறேன். அந்தப் பிரதிகள் எப்படி வரும் என்று நீ மறந்திருப்பாய். அச்சடித்த தாளை மடித்துத் தைத்து அப்படியே அனுப்பிவிடுவார்கள், மேல் ஓரமும் பக்க ஓரமும் மடிப்பு மடிப்பாக மூடிக்கிடக்கும், வாசிக்கிறவன்தான் கத்தியால் கீறித் திறந்துகொண்டே போக வேண்டும். முதலில் நானே கீறிவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு புத்தி வந்து கீறாமலே கொடுக்க ஆரம்பித்தேன். திரும்பி வந்ததும் எந்த மடிப்பு வரைக்கும் கத்தி பட்டிருக்கிறது என்று பார்த்தால் போதும், ஆள் எதுவரைக்கும் வாசித்தான் என்று தெரிந்துவிடும். போதகர் இரண்டு மடிப்பு. கோமதிநாயகம் பிள்ளை வெட்கமில்லாமல் மறுபடி வாங்கிப்போய் முன்னுரையை மட்டும் கீறிவிட்டு, வாசகசாலையில் அரைமணி நேரம் அதைப்பற்றிப் பிரசங்கம் செய்தார். மாப்பிள்ளை உன்னைப் பெண் கேட்டு வந்தபோது கப்பல் பாறையில் மோதுகிற இடம் வரைக்கும் கீறியிருந்தார், அது மூன்றில் ஒரு பங்கு. மற்றவர்களோடு பார்க்கையில் அது பெரிது என்றுதான் உன்னைக் கொடுத்தேன். இதை அவரிடம் வாசித்துக் காட்டாதே. முழுக்கக் கீறப்பட்ட பிரதி ஒன்றாவது இந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை.

இப்படியிருக்க, ஈஸ்டர் கழிந்த வாரத்தில் மார்த்தாண்டத்திலிருந்து ராகேலம்மாள் என்கிற விதவை ஸ்திரீ தன் ஒரே மகன் அருமைநாயகத்தோடு ராஜபாயைப் பார்க்க வந்தாள். பையன் இன்டர்மீடியட் தேறியவன், போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்கு வேலை. முன்னே வந்த இரண்டு சம்பந்தத்துக்கும் ராஜபாய் நாற்காலியைத் தூசி தட்டினதோடு சரி, இந்தத் தடவை தானாகவே காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவருகே நின்று அவன் பேசுகிறதைக் கேட்டாள். தோட்டத்துத் துரை மழைக்குடையோடு அட்டைப்பூச்சிக்குப் பயந்து மேஜைமேல் ஏறி நின்ற கதையை அவன் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு அடுக்களை வரைக்கும் கேட்டது. எனக்கு அவனை அவ்வளவாகப் பிடிக்கவில்லை, நான் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். ஆனாலும் வழக்கப்படி ஒரு புதுப் பிரதியை எடுத்து, இதை வாசித்துவிட்டு வாரும், மற்றதைப் பிறகு பேசலாம் என்று கொடுத்தனுப்பினேன். ஊரில் எல்லாரும் மாப்பிள்ளையிடம் சம்பளம் கேட்கிறார்கள், இந்த மனுஷன் அத்தியாயம் கேட்கிறார் என்று உன் அம்மா முனகினாள். இரண்டு வாரத்துக்குள்ளேயே புஸ்தகத்தைப் பழுப்புக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தான். நல்லாயிருக்கு சார், கடைசி அத்தியாயம் மட்டும் எனக்கு ஒத்துக்கிடல்ல என்றான். உள்ளே கொண்டுபோய்ப் பொதியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு மடிப்பில்கூடக் கத்தி படவில்லை. கடைசி அத்தியாயத்தில் என்ன இருக்கிறதென்று நான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன், யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று முடிவு செய்தேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அவனை அனுப்பிவிட்டு, அவன் தாயாருக்கு உடனே காகிதம் எழுதினேன். வாசிக்காத புஸ்தகத்தில் குற்றம் கண்டுபிடிக்கிற சாமர்த்தியமுள்ளவர்களுக்குத் திருவனந்தபுரத்தில் தலைமையாசிரியர் உத்தியோகம் கிடைக்கும், என் மகள் கிடைக்கமாட்டாள் என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதி முடித்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன், இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினேன். ராஜபாய் அழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள், கேட்காமலே இரண்டாந்தரம் சோறு வைப்பதையும் நிறுத்திவிட்டாள். இந்த அப்பா இருக்கிற மட்டும் எனக்குக் கலியாணம் என்ற பேச்சே வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொன்னாளாம். அவளுக்கு வயது இருபத்துநாலு, அவள் அப்படிச் சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உன் அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

போன வியாழக்கிழமை காலையில் வாசலில் ராகேலம்மாள் நிற்கிறாள், ஒரு கையில் குடை, இன்னொரு கையில் என் காகிதம். பின்னால் அருமைநாயகம், வேண்டாம் அம்மா, போவோம் அம்மா என்று அவளை இழுத்துக்கொண்டு நிற்கிறான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகனுக்குப் பலகாரம் கொண்டு அவள் போணக்காட்டுக்குப் போயிருந்தாளாம், விதுரையில் பஸ்ஸை விட்டிறங்கித் தோட்டத்து லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தால், பையன் கட்டிலில் மல்லாந்து படுத்துப் புஸ்தகத்தை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, மடிப்பை விரலால் உப்பவைத்து, கீழ்ப்பக்கத்துச் சந்து வழியாக ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தானாம். பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று அவள் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாளாம். சாருடைய புதுப் புஸ்தகம், சாரே இன்னும் கீறவில்லை, நான் எப்படிக் கீறுவேன் என்றானாம் அவன். இதைச் சொல்லிவிட்டு அவள் என்னிடம், “எனக்க பிள்ளைக்கு ஒற்றைக் கண்ணு சிவந்து நீரு வடிஞ்சு போச்சு சாரே. அடுத்தவங்களுக்க புஸ்தகத்தில கத்தி வைக்குதது எங்க வீட்டுப் பழக்கமில்ல. ஒங்க வீட்டில அதுதான் பழக்கமின்னா, அண்ணைக்கே ஒரு கத்தியும் சேத்துக் குடுத்து விட்டிருக்கணும்” என்றாள். லீலா, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பேசிப் பிழைத்தவன் நான், உட்காரும் என்று மறுபடியும் சொன்னதோடு சரி. உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஆனாலும் விட மனமில்லாமல் பையனிடம் ஏதாவது கேட்டுச் சோதித்துவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் என்னிடம் கேட்டான். தம்பிக்குக் காய்ச்சல் வருகிற இடத்தில் நாலு வரி மேல்மடிப்புக்குள் போய்விட்டது சார், எப்படித் திருப்பிப் பிடித்தும் தெரியவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று. தோட்டத்தில் கணக்கெழுதும்போதுகூட அதே நினைவாக இருந்ததாம். அந்த நாலு வரி எனக்கு மனப்பாடம். காய்ச்சலில் கிடக்கிற தம்பியின் கதவுக்கு வெளியே அண்ணன் ஓர் ஆரஞ்சுப்பழத்தை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் மேலே ஏறிப் போகிறான், தம்பி கதவைத் திறக்கிற சத்தம் கேட்கும் வரைக்கும் படியிலேயே நிற்கிறான். சொன்னேன். அருமைநாயகம் உடனே, “அப்பம் கடைசி அத்தியாயம் இன்னும் தப்பு சார். பழத்த வச்சிட்டுப் படியில நின்னவன், சாகப்போறவன் கைய நீட்டினா பிடிக்காம இருப்பானா?” என்றான். இருபது வருஷமாக இரண்டு இடத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன், ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்காக நான் அவனை ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று நினைக்காதே. மனுஷன் பழம் வேண்டுமானால் வைப்பான், கை கொடுக்க மாட்டான், எனக்கே தெரியும் என்றேன். சாருக்குத் தெரிந்தது சாருடைய அனுபவம், அந்த அண்ணன் வேறே ஆள் என்றான். நானும் விடவில்லை, அவனும் விடவில்லை. எத்தனை வருஷமாயிற்று அந்தப் புஸ்தகத்தைப் பற்றி என்னோடு ஒருத்தர் சண்டை போட்டு. போடவே இல்லை என்பதுதான் சரி. ராகேலம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெண்ணைக் கொடுக்கிறீரா இல்லையா, அதைச் சொல்லும், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். நான் வாயெடுக்குமுன் ராஜபாய் கதவருகேயிருந்து, “அவங்க பேசி முடிக்கட்டும் மாமி. அது இப்பம் ஒண்ணும் முடியாது. அதுக்குள்ள நாம உள்ள போயி நாள் பாத்துக்கிடுவோம்” என்றாள். இரண்டு பேரும் உள்ளே உன் அம்மாவிடம் போய்விட்டார்கள். என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்திருப்பேன், அதனால் கேட்காததே நல்லது.

ஆவணியில் கலியாணம் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தின மூன்று ஞாயிறும் சபையில் கலியாண அறிவிப்பாக ஓலை வாசிப்பார்கள். கோமதிநாயகம் பிள்ளைக்கும் பத்திரிகை கொடுக்க வேண்டும் என்று உன் அம்மா சொல்லுகிறாள், அதைப்பற்றி நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு பஸ் ஏற்றிவிடப் போனபோது அருமைநாயகம் பையிலிருந்து ஒரு தமிழ்ப் புஸ்தகத்தை எடுத்து, இத வாசிச்சுப் பாருங்க மாமா என்று என் கையில் கொடுத்தான். மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. துப்பறியும் கதை, அட்டை கிடையாது, தேயிலைத்தூள் வாசனை. நான் எல்லாருக்கும் புஸ்தகம் சொல்லுகிறவனே தவிர, எனக்கு ஒரு புஸ்தகத்தைச் சொன்னவர் இந்த ஊரில் யாரும் இல்லை. இந்தமாதிரிக் கதைகளைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும், மாறவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நாலு பிழை இருக்கிறது. ஆனால் ஜமீன்தாரின் வைர மோதிரத்தை எடுத்தது யார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சமையற்காரன் என்று முதலில் நினைத்தேன், அவன் செத்துப்போனான். ராஜபாய் எனக்கு முன்னமே எடுத்து வாசித்துவிட்டாளாம், கேட்டால் சொல்லாமல் சிரிக்கிறாள்.

கர்த்தர் உங்கள் வீட்டையும் குழந்தையையும் தம்முடைய சிறகின் கீழ் காத்துக்கொள்வாராக. மாப்பிள்ளைக்கு என் அன்பையும் குழந்தைக்கு என் முத்தத்தையும் கொடு. பினாங்கிலிருந்து நாகப்பட்டணம் கப்பலுக்கு இப்போதே இடம் பார்த்துவைக்கச் சொல்லு, ஆவணிக்குக் கூட்டம் அதிகம், நீ வராமல் ராஜபாய் சபைக்குள் காலெடுத்து வைக்க மாட்டாள். இன்னும் எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் நாளைக் காலை பஸ்ஸில் அருமைநாயகம் வருகிறான், வந்தவுடனே வாசித்தீர்களா என்றுதான் கேட்பான், எனக்கு இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. ஆகையால் இத்துடன் நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ஞானசிகாமணி