பின்னங்கால் பதவி

ஆகஸ்ட் 2
ஜூனில் பள்ளி மூடியதிலிருந்து நான்கு அங்குலம் வளர்ந்துவிட்டேன். என் காலே என் காலை வாரிவிட்டது.

டெக்லனும் நானும் ஒரு வருடமாக அவன் வீட்டுக் கார் கொட்டகையில் செய்த மிருகம்: பச்சை ரோமம், ஆறு கண், வேற்றுக்கிரகத்துச் சுமைமாடு. அறிவியல் புனைகதை மாநாட்டின் வேஷப் போட்டிக்கு. அவன் முன்பாதி, நான் பின்பாதி. இன்று போட்டுப் பார்த்தோம். என் முதுகு கூடாரக் கம்பி மாதிரி எழும்பி நின்றது.

"டேய் ரூபஸ், ஒட்டகம் ஆயிடுச்சுடா!" என்றான். நான் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 5
புதுப் பின்னங்கால் கிடைத்துவிட்டதாம். நோரீன். மே மாதம் எங்கள் தெருவுக்குக் குடிவந்தவள். நாலே முக்கால் அடி. தையலும் தெரியுமாம். "அவ குனியவே வேணாம்டா!" — இதை என்னிடம் ஏன் சொல்கிறான்? நான் என்ன, விழா எடுக்கவா?

ஆகஸ்ட் 9
கொட்டகைப் பக்கமே போகவில்லை. வேலிக்கு மேல் தலை தெரிந்திருந்தால் அது வளர்த்தியின் குற்றம்.

ஆகஸ்ட் 11
யோசனை வந்துவிட்டது!

மாநாட்டில் எல்லோர் கழுத்திலும் பெயர் அட்டை தொங்கும். அதன் அடியில் ஒன்றின்கீழ் ஒன்றாக ரிப்பன் ஒட்டிக்கொள்வார்கள். ஆளாளுக்கு ஒரு வாசகம் அச்சடித்து வந்து சும்மா கொடுப்பார்கள். போன வருடம் ஒருவருக்கு முழங்கால் வரை தொங்கியது. நானும் இருநூறு அடிக்கச் சொல்லிவிட்டேன்: "பின்னங்காலுக்கு மூளை கிடையாது."

நோரீன் மேடையேறும்போது மொத்தக் கூட்டமும் சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 14, ரீனோ
மாநாடு நடக்கும் ஓட்டலின் கீழ்த்தளம் முழுக்கச் சூதாட்ட யந்திரங்கள். சின்னப் பசங்கள் நடைபாதைக் கம்பளத்தைத் தாண்டக் கூடாது. "தம்பி, கோட்டுக்குள்ளயே நட," என்றார் காவலாளி. எனக்கு முன்னால் டெக்லனும் நோரீனும் மிருகத்தின் மூட்டையை ஆளுக்கொரு பிடியாகத் தூக்கிப் போனார்கள். என் கையில், எங்களைக் கூட்டிவந்த டெக்லன் அம்மாவின் தலையணை.

ஆகஸ்ட் 15
ரிப்பன் பறக்கிறது. மூன்று கண் வேஷம் போட்ட ஒரு அம்மா கேட்டார்: "எந்தப் பின்னங்கால்பா?"

"நாளைக்கு வேஷப் போட்டில பாருங்க." என் வாயாலேயே விளம்பரம்!

சாயங்காலத்துக்குள் ஆளாளுக்கு அதே பேச்சு: "அந்தக் கால் எப்போ வருது?" டெக்லன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "எங்களுக்காகவாடா? சொல்லவே இல்ல!"

இந்தக் கூட்டத்தில் ரிப்பனில் ஏறினால் அது கேலி இல்லை, கிரீடம். நாலு வருடமாக வருகிறேனே, தெரியாதா? தெரியும். வயிற்றெரிச்சலில் மறந்துபோச்சு.

ஆகஸ்ட் 16
மிருகம் மேடையேறியது. கூட்டம் கத்தியது: "மூளை கிடையாது! மூளை கிடையாது!"

பின்பாதி நின்றுவிட்டது. இதைத்தானே கேட்டேன்?

அப்புறம் அது எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தது. டெக்லனை இழுத்தது. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது. ஒரு காலைத் தூக்கி அவன் முதுகைச் சொறிந்தது. அரங்கமே உருண்டது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

புதியவர் பிரிவில் முதல் பரிசு. டெக்லன் மைக்கைப் பிடித்தான்: "ரிப்பன் எங்க ரூபஸோட ஐடியா! அதோ, கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறான் பாருங்க!"

கைதட்டினார்கள். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 17
லிப்டில் நோரீனும் நானும் மட்டும்.

"அது என்னைத் திட்டி அடிச்சதுதானே?"

கதவுக்கு மேலே மாறும் மாடி எண்களை எண்ணினேன்.

"முந்தாநாள் பாத்ததுமே தெரிஞ்சுது. ரூமுக்குப் போய் அழுதேன். அப்புறம்தான், மூளை இல்லாத காலு எப்படி நடக்கும்னு நடந்து பாத்தேன்."

"டெக்லன்கிட்ட சொல்லிட்டியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அடிச்சது நீ."

ஆகஸ்ட் 20
டெக்லனிடம் சொல்லிவிட்டேன். கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினான்.

ஆகஸ்ட் 22
சாத்தியது சாத்தியபடியே.

ஆகஸ்ட் 23
நோரீன் வந்து மணி அடித்தாள். "செருப்பப் போடு. டெக்லன் வீட்டுக்குப் போறோம்."

"அவன் என்கூடப் பேச மாட்டான்."

"என்கூடப் பேசுவான்ல? நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா."

போனேன்.