ஒரு கிளிக்கில் பச்சையான குடும்பம்

ஒக்டோபர் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். துறைமுகப் பக்கச் சோதனைச் சாவடியில் முக்கால் மணி நேரம். அலுவலகத்துக்குப் பிந்திவிட்டேன்.

இடம்பெயர்ந்தவர்களைத் தேடும் கொம்பியூட்டர் பக்கத்தை நான் எழுதிக் கொடுத்து நாலு நாள். குடும்பத்துக்கு ஒரு பெட்டி. அதற்குள் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குள்ளும் 'கிடைத்தார்' என்றொரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் அந்தப் பெயர் மட்டும் பச்சை. வெளிப்பெட்டியை அழுத்தினால் குடும்பமே பச்சை. பச்சையானவர்கள் மாலையில் முகாம்களுக்குப் போகும் தேடல் பட்டியலில் வரமாட்டார்கள்.

பத்து மணிக்கு, இலங்கைத்துறையிலிருந்து இடம்பெயர்ந்த பாக்கியம் அக்கா வந்தார். மகள் கிளிவெட்டி முகாமில் இருக்கிறாளாம். மகன் சுதனைப் பற்றித் தகவல் இல்லை. மகளின் பொத்தானை அழுத்தினேன். இரண்டு பெயரும் பச்சை. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுதனும் கிடைச்சிட்டானோ பிள்ளை?"

"இல்லை அக்கா. கொம்பியூட்டர் பிழை."

சுதனின் பச்சையை எடுத்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமலே போய்விட்டார்.

ஒக்டோபர் 4, புதன்

மழை இருட்டு. மழை இல்லை.

பொத்தான், பெயர், குடும்பம்: மூன்றிலும், கிளிக் வந்து சேர்ந்தால் திரையில் காட்டும்படி ஒவ்வொரு செய்தி வைத்துச் சோதனை. அழுத்தியது பொத்தானை, அதுவும் ஒரே தடவை. திரையில் 'பொத்தான்'. பிறகு 'பெயர்'. பிறகு 'குடும்பம்'. அதாவது கிளிக் அழுத்திய இடத்தோடு நிற்பதில்லை. உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு பெட்டியாகப் போகிறது. எங்கே அழுத்தினாலும் அப்படித்தானா? திரும்பத் திரும்ப அழுத்தினேன். சாப்பாடு ஆறிப்போனது. பிழை பிடிபட்டதில் ஒரு சந்தோஷம். உடனே அதற்கு வெட்கம்.

பக்கத்து மேசை றிஸானா எட்டிப் பார்த்தாள். "அப்ப இந்த நாலு நாளும் அழுத்தினது எல்லாம்?"

அழுத்திவிட்டு அடுத்த குடும்பத்தின் படிவத்துக்குப் போய்விடுவேன், திரையைப் பார்ப்பதில்லை.

பொத்தானில், கிளிக் வெளியே பரவாமல் தடுக்கும் stopPropagation என்று ஒரு வரி சேர்த்தேன். கிளிக் அங்கேயே நின்றது. பிறகு இருவருமாகப் படிவங்களைத் திரையோடு ஒப்பிட்டோம். பிழையாகப் பச்சையானவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரை எந்த முகாமிலும் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். மாலைப் பட்டியலில் முதல் ஏழு பெயர்களாகப் போட்டு அனுப்பினோம்.

ஒக்டோபர் 5, வியாழன்

தூறல். ஏழு பேரில் ஒருவர் தோப்பூரில் உறவினர் வீட்டில் இருக்கிறாராம். வந்த தகவலை றிஸானா எழும்பி நின்று வாசித்தாள்.

பகல் பாக்கியம் அக்கா. உட்காருமுன் சொல்லிவிட்டேன்.

"அக்கா, முந்தநாள் கொம்பியூட்டர் பிழையில்லை. நான்தான் பிழையா எழுதினனான்."

அக்கா கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"இப்ப அவன்ட பேர் தேடுறதில இருக்கோ?"

"ஓம்."

"வாசியுங்கோ பிள்ளை."

வாசித்தேன். சுதன், பத்தொன்பது வயது, இலங்கைத்துறை.

"இன்னொருக்கா."