வடக்கு வாசலைத் திறந்தது யார்

என் ஓரகத்தி, செல்லமான செல்வக்கனிக்கு,

நீ போய்ப் பதினோரு மாசம் ஆச்சு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுறேன், பிழை இருந்தா சிரிக்காத. அழுகுறதுக்கு எழுதல. உன்கிட்ட ஒரு சங்கதி சொல்லணும்.

உன் வீட்டுக்காரர் சிங்கப்பூர்லருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டாந்தாரே, டீவியிலயும் டேப்ரெக்கார்டர்லயும் மாட்டுறது? நம்ம அச்சாபீஸ் வேலைக்குன்னு வந்தது, மத்தியானம் நம்ம ரெண்டு பேர் கையில மாட்டுச்சு. கேசட்டைப் போட்டா ரொம்ப நேரம் கீச்சுக்கீச்சுன்னு கத்திட்டுத்தான் அந்தக் கோட்டை வெளையாட்டு வரும். அதுக்குப் பேரு என்னன்னே நமக்குத் தெரியாது. இங்கிலீசு எழுத்தும் தெரியாது. அதனால தீப்பெட்டி லேபிளை வெட்டிப் பொத்தான் மேல ஒட்டினோம். சேவலை அமுக்கினா அம்பு. மயிலை அமுக்கினா கதவு.

தானியம் சேர்க்குறது, காவலுக்கு ஆள் வைக்கிறது என் வேலை. எதிரி வந்தா சுடுறது உன் வேலை. "சேவலை அமுக்குடி!"ன்னு கத்துவேன். "அமுக்கிக்கிட்டுத்தானக்கா இருக்கேன், வெரலு தேயுது"ம்ப.

இருபது படையைத் தாண்டின அன்னைக்கு, அத்தை கூப்பிட்டாகன்னு எந்திருச்சுப் போனேன். திரும்பி வந்தா வடக்கு வாசல் தொறந்து கெடக்கு, கோட்டை எரியுது. "நான் மயிலைத் தொடலக்கா, அதுவா தொறந்துச்சு"ன்ன. நான் நம்பல. வெளையாட்டை அன்னைக்கோட விட்டேன், பேச்சை விடல. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "கோட்டையைக் காட்டிக் குடுத்தவ வந்துட்டா"ம்பேன். நீயும் கூடச் சிரிச்ச. படுக்கையில கெடந்தப்பத்தான், "ஒரு தடவையாச்சும் நம்புக்கா"ன்ன. "பார்ப்போம்"னேன். அது என்ன பதிலு?

போன வாரம் உன் மக மாலதி, நான் சொன்ன அடையாளத்தை வச்சே அந்தக் கோட்டை வெளையாட்டைத் தேடிப் புடிச்சு லேப்டாப்புல போட்டுக் குடுத்தா.

"இதை ஆடினவங்களே ஒலகத்துல கொஞ்சப் பேருதானாம் பெரியம்மா. எப்பிடி இம்புட்டு ஞாபகம் வச்சிருக்கீக?"

"தோத்ததை எவ மறப்பா?"

மூணு நாள் ஒக்காந்தோம். அவ சுட்டா, நான் வழக்கம்போல தானியத்தைக் குவிச்சேன். இருபது தாண்டுச்சு. அடுத்த படைக்குக் காத்துக்கிட்டு இருந்தோம். ரெண்டு பேரு கையும் மடியில இருக்கு, செல்வக்கனி. வடக்கு வாசல் தானா தொறந்துச்சு.

மாலதி அந்த வெளையாட்டோட குறிப்பைப் படிச்சுச் சொன்னா: காவக்காரனுக்குச் சோறு கொறைச்சுப் போட்டா, அவனே ஒரு நாள் கதவைத் தொறந்து விட்டுருவானாம். களஞ்சியத்தை ரொப்பி வச்சுக்கிட்டு அளந்து அளந்து போட்டது யாரு? நான்.

 

ஆனா என் பச்சைச் சுங்கடிச் சேலையில அச்சு மையைக் கொட்டினது நீதான். அதுல மாத்தமில்ல.

அடுத்த மாசம் உன் வருசத் தெவசம். ஆமத்தூர்ல சாதிசனம் கூடும். நான் உன்னை யார் யாருகிட்டச் சொல்லிச் சிரிச்சேனோ, அம்புட்டுப் பேரும் வருவாக. எலை போடுறதுக்கு முன்னாடி எந்திருச்சு நின்னு சொல்லிருவேன்: "செல்வக்கனி கதவைத் தொறக்கல. காவக்காரனைப் பட்டினி போட்டுத் தொறக்க வச்சது நான்." அன்னைக்கு என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். சத்தியமாச் சொல்லுவேன்.

உன்னை இப்ப நம்புற உன் அக்கா,
மூத்த மருமக ராஜகனி