என் மச்சான் ஏறிய முதல் வாகனம்

மச்சான்,

லுஹர் தொழுதுவிட்டு வந்து, புதிதாக இறங்கிய ஏலக்காய் மூட்டையை அவிழ்த்து ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனேன். அந்நேரம் போன் மணியடித்தது. உன் மெயில். உன்னை அடக்கம் செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"மச்சான், சுகம் தன்னே?"

அவ்வளவுதான் இருந்தது. தமிழில் எழுதிக்கொண்டே வந்து கடைசியில் 'தானே'க்குப் பதில் மலையாளத்துத் 'தன்னே'யை ஒட்டுகிற ஆள் இந்த மட்டாஞ்சேரியில் நீ ஒருத்தன்தான். பயம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறவன் நான், உனக்கே தெரியும். அப்படிப்பட்ட என் கையிலிருந்து ஏலக்காய் தரையில் கொட்டியது. பொறுக்கவும் தோன்றவில்லை. பயந்தேனா, சந்தோஷப்பட்டேனா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்து பதில் அடித்தேன்: "நீ எங்கே இருக்கே?"

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "இங்கே தன்னே இருக்கேன் மச்சான்."

கடையைச் சுற்றிப் பார்த்தேன். உன் நாற்காலியில் யாரும் இல்லை. மின்விசிறி அதன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

நம் கடைப் பெயரை இணையத்தில் பதிந்த நாள் நினைவு வந்தது. பஜார் ரோட்டிலேயே முதலில் வெப்சைட் போட்டது நாம்தான் என்று நான் நாலு பேரிடம் சொன்னேன். நாலாவது ஆளிடம் சொல்லும்போது அது கேரளத்திலேயே முதலாக ஆகிவிட்டது. அரபு நாட்டு ராஜா ஒருத்தர் அதில் வந்து நம் மிளகை வாங்கினார் என்றும் சொன்னேன். வாங்கியது அவர் சமையல்காரராக இருக்கலாம். ராஜாவோ சமையல்காரரோ, வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் அந்தப் பெயருக்குத்தான் வரும். அது போனால் கடைக்குக் கதவு இருக்கும், ஆள் வரமாட்டார்கள்.

அன்றைக்கு நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னாய்: "பாஸ்வேர்ட் மறந்தா திறக்க ஒரு கேள்வி வைக்கணுமாம். உன்னைப் பத்தித்தான் வைக்கப் போறேன். என்னைப் பத்திக் கேட்டா ஊரே பதில் சொல்லும். உன்னைப் பத்தி உண்மை என்னன்னு உனக்கே தெரியாது."

கேள்வி இதுதான்: என் மச்சான் ஏறிய முதல் வாகனம் எது? பதிலை நீ எனக்குக்கூடக் காட்டவில்லை. ஆறு மாதத்தில் நீ ஓய்ந்து, படுத்து, போயும்விட்டாய். பெயரைப் பதிந்த அந்தக் கணக்கு உன் பேரிலேயே கிடந்தது. உன் பேரை மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது மெயில் வந்தது. "மச்சான், நீ ஏறின முதல் வாகனம் ஏதுன்னு மறந்துபோச்சு. சொல்லித் தா."

அங்கேதான் நான் விழித்துக்கொண்டேன். நீ என்னிடம் ஒருநாளும் கதை கேட்டதில்லையே. நான் வாயைத் திறந்தாலே, "வேண்டாம் மச்சான், போன தடவை யானை, அதுக்கு முந்தி கப்பல்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறவன் அல்லவா நீ. கேட்கிறது நீ இல்லை. உன் மெயில் பெட்டிக்குள் உட்கார்ந்து நம் பழைய கடிதங்களையெல்லாம் படித்த எவனோ, கடைப் பெயரைப் பறிக்கப் பார்க்கிறான்.

"வெள்ளைக் குதிரை" என்று அடித்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

சபீனா காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவள். வேலையைப் பாதியில் விட்டு வந்தாள். வந்ததும் பாராட்டெல்லாம் இல்லை.

"அத்தா, மாமு போனதும் இதையெல்லாம் மாத்தணும்னு எத்தனை தடவை சொன்னேன்? அவங்க மெயிலுக்கு கடை போன் நம்பர்தானே பாஸ்வேர்ட். போர்டுலேயே எழுதி வச்சிருக்கு."

"எழுதறது அப்படியே உன் மாமு மாதிரி இருக்கேடி."

"பழைய மெயிலைக் கொடுத்தா அதே மாதிரி எழுதித் தர்ற மெஷின் எல்லாம் வந்தாச்சு."

பெயரைப் பதிந்துகொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டாள். யாரோ தப்பான பதில்களைப் போட்டுப் பார்த்ததால் கணக்கு தானாகப் பூட்டிக்கொண்டதாம். கடைசியாகப் போட்டது குதிரை. உன் மரணச் சான்றிதழ், நம் கூட்டு ஒப்பந்தம், கடை லைசென்ஸ் எல்லாம் அனுப்பினோம். அதற்கப்புறமும் கேள்விக்குப் பதில் வேண்டுமாம், மூன்று தடவைதான் கேட்பார்களாம்.

"கப்பல்" என்றேன். இல்லை. "யானை" என்றேன், உனக்கு ரொம்பப் பிடித்தது அதுதானே என்று. இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது. அந்த ஏழு வருஷத்திலும் இப்படி ஒரு பரீட்சை எழுதினதில்லை.

"அத்தா, இன்னும் ஒண்ணுதான் இருக்கு. கதை வேண்டாம்" என்றாள் சபீனா.

அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. அம்மா இறந்த வாரம், பாலக்காட்டிலிருந்து என்னை இங்கே உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழுது அழுது நடக்க முடியாமல் போன என்னை உன் அத்தா தன் கைவண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்துத் தள்ளினார். நீ வண்டிப் பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தாய். பாலக்காட்டிலிருந்து எதில் வந்தேன் என்பது உனக்குத் தெரியாது; நீ பார்க்க நான் ஏறிய முதல் வாகனம் அதுதான். நமக்கு ஏழு வயது. அதை நானும் யாரிடமும் சொன்னதில்லை, நீயும் சொல்லிக்காட்டியதில்லை. மறந்திருப்பாய் என்று நினைத்துத்தான் இத்தனை யானைகளை ஓட்டினேன்.

கைவண்டி என்று அடித்தாள். திறந்தது.

இப்போது கணக்கு கடையின் பேரில். பெயரை வேறு யாரும் கடத்திக்கொண்டு போகாமல் அதற்கென்று ஒரு பூட்டு. உள்ளே போக என் போனுக்கோ சபீனா போனுக்கோ வருகிற எண் வேண்டும். கடை பிழைத்தது. எர்ணாகுளத்துக்காரர்களிடம் நானே தனியாகத் திருடனைப் பிடித்ததாகச் சொல்லியிருக்கிறேன், அது கிடக்கட்டும்.

உன் மெயில் பெட்டியை மட்டும் அவனிடமிருந்து உடனே மீட்க முடியவில்லை. அதை மூடிவிடச் சொல்லி மெயில் கம்பெனிக்கு எழுதியிருந்தோம். மூடுவதற்கு முந்தின நாள், அஸர் தொழுகைக்குக் கிளம்பும்போது, இன்னொன்று வந்தது.

"மச்சான், என்னை வெளியிலாக்கிப் பூட்டிட்டே தன்னே?"

திருடன் என்று தெரியும். சபீனா அழி என்கிறாள். அழிக்கவும் இல்லை, பதில் எழுதவும் இல்லை. இத்தனை வருஷத்தில் நீ கேட்டு நான் வாய் திறக்காமல் இருந்தது இந்த ஒன்றுக்குத்தான், மச்சான்.