இரண்டு கட்டுரைகளிலும் இருந்த அம்மா

புதன்கிழமை வகுப்பில் இரண்டு பிள்ளைகள் கட்டுரைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். மழையில் நனைந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரிக்கும்போது ஈரத்தாளும் அச்சு மையும் கலந்த வாசம் வந்தது. முதல் கட்டுரையைப் படித்தேன். இரண்டாவதில் மூன்றாவது பத்திக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அதே பத்தி. இரண்டு சொற்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். "இது என்ன?" என்று கேட்டேன். நோட்டன் பிரிட்ஜிலிருந்து வருகிறவள் சிரித்தாள். "நாங்க சேர்ந்துதான் மிஸ் எழுதுனோம். இவளுக்கு அந்த எடம் வரல, அதான் நான் குடுத்தேன்." ஒளிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நமக்கும் தோன்றவில்லையே.

வகுப்பைப் பாதியில் விட்டேன். தலைவலி என்று சொன்னேன். உனக்குத் தெரியும், எனக்குப் பொய் வராது என்று ஊரே சொல்லும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் மூன்று வருடமாக ஒரு பெரிய பொய்யை ஓட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இன்றைக்கும் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "நல்ல புள்ளதான், என்னா கொப்பி அடிச்சு மாட்டிக்கிட்டா" என்கிறார்கள். கொப்பி அடித்தவள் நான். அதை உன் அம்மாவிடம் அந்தப் புதன்கிழமை வரை சொல்லியிருக்கவில்லை. நீ போய் ஒன்றரை வருடத்துக்கு மேலாகிவிட்டது.

நான் இப்போது என்ன வேலை செய்கிறேன் தெரியுமா? கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய். ஹட்டனில் ஓர் இரும்புச்சாமான் கடைக்கு மேல்மாடியில், வெளிநாட்டுக்கு முதுகலை படிக்கப் போகிறவர்களுக்குக் கல்வி ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டுரை எப்படி எழுதுவது, கலந்துரையாடலில் எப்படி மறுத்துப் பேசுவது, அடுத்தவர் சொன்னதை அவர் பெயரோடு எப்படிச் சொல்வது. அந்தக் கடைசிப் பாடம் மட்டும் எனக்கு ஆகாது. ஒவ்வொரு முறையும் வேகமாக நடத்திவிட்டு, கரும்பலகையை நானே அழித்துவிட்டு, ஜன்னலருகில் போய் நின்றுகொள்வேன்.

நம்முடைய வகுப்பு உனக்கு நினைவிருக்கும். பத்து வாரம், எல்லாம் இணையத்தில். ஒரே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில், உனக்குப் பொதுச் சுகாதாரத்தில், எனக்குக் கல்வியியலில் நிபந்தனையோடு இடம் கிடைத்திருந்தது. அந்த ஆங்கில வகுப்பை முடித்தால்தான் முதுகலைக்குள் கால் வைக்கலாம். லயத்தில் சிக்னல் கிடையாது. தினமும் மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறுவோம். ஒரு மடிக்கணினி, இரண்டு போன், ஒரு குடை. மழை வந்தால் உன் அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டிய படங்குத் துணியை விரித்துத் தலைக்கு மேல் கட்டிவிடுவாய். திரையில் சீனா, துருக்கி, நைஜீரியா என்று எல்லோரும் சுவர் உள்ள அறைகளில் உட்கார்ந்திருப்பார்கள். நமக்குப் பின்னால் பனிமூட்டம்தான் இருக்கும். ஒரு நாள் அந்தத் துருக்கிப் பையன், பின்னணிப் படத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டானே.

எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது, தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியை சொல்லிக்கொடுத்த அன்று நீ பண்ணிய கூத்து. இறங்கி வரும் வழியில், "எனக்கு பசிக்குதுன்னு சொல்லக் கூடாதுடி. ஒரு வகையான பசி இருக்கக்கூடும்னு சில ஆய்வுகள் காட்டுதுன்னு சொல்லணும்" என்றாய். லயத்துக்கு வரும்வரை அப்படியே பேசினோம். நாய் குரைத்ததைக்கூட அப்படித்தான் சொன்னோம்.

ஆனால் அந்த வகுப்பில் நீதான் ஆள். நான் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். சின்ன வயதிலிருந்து பெரியவர்கள் பேசினால் தலையாட்டித்தானே பழக்கம். நீ மறுத்துப் பேசினாய். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் உனக்கு, அதனால் உன் கட்டுரை தோட்டத்துக் குழந்தைகளின் எடை குறைவதைப் பற்றியது. ஆதாரம் எங்கே என்று ஆசிரியை கேட்டார். எங்கள் அம்மா சொன்னது என்றாய். அது ஆதாரமாகாது என்றார். அப்போது நீ கேட்டாய்: "இங்க ரெண்டு கிழமை வந்து தங்கிட்டுப் போனவர் எழுதினா அது ஆதாரம். முப்பது வருசம் கொழுந்து எடுத்தவங்க சொன்னா ஆதாரம் இல்லையா?" ஆங்கிலத்தில்தான் கேட்டாய், ஆனால் எனக்கு இப்படித்தான் காதில் விழுந்தது. ஆசிரியை, முறையாகப் பேட்டி எடுத்து, தேதி போட்டு, யார் சொன்னார் என்று எழுதினால் சேர்க்கலாம் என்றார்.

அன்று மாலையே உன் அம்மாவை உட்கார வைத்துப் பேட்டி எடுத்தாய். நானும் பக்கத்தில் இருந்தேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போனதை அவர் சொன்னார். பத்து மணிக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிவிடுமாம். கங்காணி விட்டால் ஓடி வருவாராம். விடாத நாளில் தேயிலைச் செடிக்குள் குனிந்து நின்று பாலைப் பீய்ச்சி மண்ணில் விடுவாராம். "அங்க ஒனக்கு பசி, இங்க எனக்கு பால் வீணாப் போவுது" என்றார். நீ எழுதிக்கொண்டே அழுதாய். அந்தப் பத்தியை ஆங்கிலத்தில் கொண்டுவர உனக்கு மூன்று நாள் ஆனது. நான் படித்த எந்த ஆங்கிலப் பத்தியும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. இதைத் தயங்காமல், உறுதியாகவே சொல்கிறேன்.

கடைசி வாரம் முன்பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய என் கட்டுரை நடுவில் நின்றுபோனது. மூன்று நாள் சிக்னல் இல்லை, அப்பாவுக்கு மூச்சிரைப்பு, எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. நீதான் உன் பத்தியைக் கொடுத்தாய். "எடுத்துக்கடி. வாக்கியம் என்ன எனக்குப் போட்ட சீதனமா?" என்றாய். எடுத்துக்கொண்டேன். உன் அம்மா என்று இருந்த இடத்தில், ஓய்வுபெற்ற ஒரு தோட்டத் தொழிலாளி என்று மாற்றினேன். நான்கைந்து சொற்களை அங்கும் இங்கும் திருப்பிப் போட்டேன். குற்ற உணர்வு இல்லை. முதலாம் வகுப்பிலிருந்து ஒரு புத்தகத்தை இரண்டு பேர் படித்தவர்கள் நாம். உயர்தரத்தில் நோட்ஸை ஒளித்து வைத்தவளோடு நாம் யாரும் பேசமாட்டோம். கொடுக்காமல் இருப்பதுதான் நமக்குத் தெரிந்த களவு.

பல்கலைக்கழகத்தின் கணினி கண்டுபிடித்துவிட்டது. இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரிப்பதாகக் கடிதம் வந்தது. விதிமுறைக் கையேட்டை நான் திறக்கவே பயந்தேன். நீ முழுவதையும் படித்தாய். சேர்ந்து செய்திருந்தால் இருவருக்கும் இடம் இல்லை. ஒருத்திக்குத் தெரியாமல் மற்றவள் எடுத்திருந்தால், எடுத்தவளுக்கு மட்டும்தான் தண்டனை. தொட்டிக்கு மேலே உட்கார்ந்து அதை எனக்கு விளக்கிவிட்டு, வகுப்பெடுக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். "ரெண்டு பேரும் போகாம இருக்கிறதுக்குப் பதிலா ஒருத்தியாவது போகணும். ஒனக்கு உதவித்தொகை கையில இருக்கு. எனக்கு இன்னும் வரல. நான் எடுத்தேன்னு சொல்றேன். அடுத்த வருசம் திரும்பப் போட்டுக்கிறேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுதேன், உன் கையைப் பிடித்தேன், சாமி மாதிரி இருக்கிறாய் என்று என்னென்னவோ உளறினேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. மூன்று வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். அந்தச் சொல் என் வாயில் வரவே இல்லை.

உன் விசாரணைக்குக் குடை பிடித்தது நான்தான். திரையில் என் முகம் தெரியாதபடி பின்னால் நின்று பிடித்தேன். மூன்று பேர் கேட்டார்கள். சிநேகிதியின் கட்டுரையை அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன் என்றாய். அப்போது அந்தக் கண்ணாடி போட்ட பெண், மிகவும் மரியாதையாக, ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் கட்டுரையில் இவர் உங்கள் தாய் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் இவர் யார்? குடையைச் சாய்த்துவிட்டேன். உன் தோளில் தண்ணீர் கொட்டியது. நீ துடைக்கவில்லை. "என் தாய் இல்லை. உண்மை போலத் தெரிவதற்காக அப்படி மாற்றினேன்" என்றாய்.

உன் அம்மா அந்த நேரம் கீழே லயத்து வாசலில் நமக்காக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். புகை மேலே வந்தது. கணினியை மூடிவிட்டு நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வா, ரொட்டி ஆறிப்போகும்" என்று முன்னால் இறங்கினாய். நானும் பின்னால் வந்தேன். வந்து இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

என் விசாரணையில், எனக்கு எதுவும் தெரியாது என்றேன். நான் போனேன். நீ அடுத்த வருடம் வேறு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாய். முன்பு எப்போதாவது கல்வி ஒழுங்குமீறலுக்குத் தண்டிக்கப்பட்டீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்ததாம். ஆம் என்று போட்டாய். இல்லை என்று போட்டிருக்கலாமே, யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள் என்று போனில் உன்னிடம் கத்தினேன். "ஒரு பொய் போதும்டி" என்றாய். உன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர்கள் உன்னை எடுக்கவில்லை.

அந்த வருட மழையில் பிள்ளைக் காம்பராவுக்குள் தண்ணீர் வந்தது. நீ இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்று சுத்தம் செய்தாய். காய்ச்சல் வந்ததும் பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய். எலிக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டது. நான் அங்கே, நூலகத்தில், ஆய்வேட்டுக்கு அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நீ போய்விட்டாய் என்று உன் தம்பி அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். விமானத்துக்குக் காசில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மைதான். உன் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததும் உண்மை.

திரும்பி வந்த பிறகு ஒரே ஒரு முறை உன் வீட்டுக்குப் போனேன். பிஸ்கட் டின்னைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பதினைந்து நிமிடத்தில் ஓடிவந்தேன். பஸ் ஏறும் பொகவந்தலாவையில் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணிநேரம் இருந்தது. கடைத்தெருவில் ஒரு மூலையில் மழைக்கு ஒதுங்கி நின்றேன்.

போன வியாழக்கிழமை பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன். நடந்ததையெல்லாம், யார் யாருடையதை எடுத்தார், அந்தத் தாய் யாருடைய தாய் என்று எழுதினேன். கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது, பார்த்துச் சொல்வார்களாம். பட்டத்தைப் பறித்துக்கொண்டால் மாடி வகுப்பும் போய்விடும். போகட்டும். அந்த இரண்டு பிள்ளைகளையும் வெள்ளிக்கிழமை அழைத்து, கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, எது நடந்தாலும் அந்தப் பத்தி ஒருத்தியிடம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றேன். ஏன் இவ்வளவு கோபம் மிஸ் என்று கேட்டார்கள். அவர்களிடமும் சொன்னேன். நோட்டன் பிரிட்ஜ்காரி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அவங்க அம்மாவுக்கு தெரியுமா மிஸ்?"

நேற்று ஞாயிற்றுக்கிழமை போனேன். உன் அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வா தாயி, நனைஞ்சிட்டியா" என்று தன் சேலைத் தலைப்பால் என் தலையைத் துவட்டினார். அப்படித் துவட்டும்போதே சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்தால் சொல்லியிருக்கமாட்டேன். "பெரியம்மா, கொப்பி அடிச்சது அவ இல்ல. நான். நீங்க அன்னைக்கு சொன்னதை நான் எடுத்து எழுதினேன். எனக்காக அவ பழிய ஏத்துக்கிட்டா."

துவட்டிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "அன்னைக்கு நீ ரொட்டி தின்னுட்டுப் போன பொறகு வந்து என் மடியில படுத்துக்கிட்டா. ஒன்னைய என் அம்மா இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேம்மான்னு அழுதா. விடிய விடிய அழுதா. ஊருல யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னா. தொறக்கல." கீரைத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொன்னா. அவ ஒரு நாளைக்கு வந்து சொல்லுவாம்மா, வந்தா திட்டிறாதன்னு என் கையப் புடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா. நீ அந்த பிஸ்கட்ட தூக்கிட்டு வந்தப்ப, இன்னைக்கு சொல்லிருவன்னு நெனச்சேன்."

நான் காலில் விழப் போனேன். தடுத்தார். உள்ளே போய்ப் பால் விடாத சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையை வாங்கும்போது, "அவ சத்தியம் மட்டும் வாங்காம இருந்திருந்தா…" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. எழுந்து போய் கோப்பையைக் கழுவத் தொடங்கினார்.

நான் வெகுநேரம் வாசலில் நின்றேன். முடிப்பார் என்று நின்றேன். நீ வாங்கிய சத்தியத்தை அவர் மீறவில்லை. அவர் சொல்லாமல் விட்டதைச் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.